கண்ணாடியின் பிழைகள்

ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் லென்ஸில் எடுத்த படத்தை நூறு படங்களுக்கு நடுவே கலந்து வைத்தாலும் தனியாக எடுத்துக் கொடுத்துவிடலாம். நடுவில் ஒரு முகம். கண்ணிமை முடிகூடத் தெளிவாக இருக்கும். முகத்துக்குப் பின்னால் நிற்கும் மரமோ தலையைச் சுற்றிச் சுழன்றுகொண்டிருக்கும். இலைகளுக்கு இடையே தெரியும் வான வெளிச்சம் ஒவ்வொன்றும் இருமுனையும் கூர்ந்த பொட்டாக நீண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வளையம் போட்டிருக்கும். கணினியில் சேர்த்த வேலை எதுவும் அதில் கிடையாது. மாஸ்கோவுக்கு அருகிலுள்ள கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையில் வடிவமைத்து, ஸெனிட் கேமராவோடு சேர்த்து லட்சக்கணக்கில் விற்ற சாதாரண லென்ஸ் அது. அந்தக் காலத்தில் அதை வாங்கியவர்களில் பலருக்கு இந்தச் சுழல் ஒரு தொந்தரவு. இன்று லட்ச ரூபாய் கொடுத்து மிரர்லெஸ் கேமரா வாங்குகிறவர்கள் அந்தத் தொந்தரவுக்காகவே அதைத் தேடிப் பிடிக்கிறார்கள்.

இப்படிப்பட்ட லென்ஸ்களைப் பற்றிப் பேசும்போது 'மாயம்', 'ஆன்மா', 'குணம்' என்றெல்லாம் சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்தச் சொற்கள் மீது நம்பிக்கை இல்லை. இந்த லென்ஸ்கள் தரும் ஒவ்வொரு விளைவுக்கும் ஒளியியலில் பெயர் இருக்கிறது, காரணம் இருக்கிறது, பெரும்பாலும் ஒரு கணக்கும் இருக்கிறது. அது தெரிந்தால் எந்த லென்ஸை எந்த வெளிச்சத்தில், எந்தத் துளையில், எவ்வளவு தூரத்தில் வைத்து எடுக்க வேண்டும் என்பதும் தானாக விளங்கிவிடும்.

லென்ஸின் வேலையைச் சொல்வது சுலபம்: வெளியில் ஒரு புள்ளி இருந்தால் சென்சாரிலும் அது ஒரு புள்ளியாக விழ வேண்டும். கோள வடிவில் தேய்த்த கண்ணாடியால் அதைச் சரியாகச் செய்ய முடிவதில்லை. எந்தெந்த வகையில் முடிவதில்லை என்று 1850களில் ஜெர்மன் கணிதவியலாளர் லுட்விக் ஸைடல் வகுத்துக் கொடுத்தார். கோளப் பிறழ்ச்சி, வால்நட்சத்திரம்போல் புள்ளி இழுபடும் கோமா, அஸ்டிக்மாட்டிசம், தெளிவாக விழும் பரப்பு தட்டையாக இல்லாமல் கிண்ணமாக வளைவது, நேர்கோடுகள் வளைவது என ஐந்து. நிறங்கள் பிரிவது தனிக் கதை. இந்த ஐந்தையும் ஒடுக்குவதுதான் நூற்றைம்பது ஆண்டு லென்ஸ் வடிவமைப்பின் வரலாறு. ஒன்றை அடக்கினால் மற்றொன்று தலைதூக்கும். அதனால்தான் இன்றைய உயர்தர லென்ஸுக்குள் பதினைந்து கண்ணாடிகள்கூட இருக்கின்றன. விளைவுக்காக வாங்கும் லென்ஸில் இந்த ஐந்தில் ஒன்றிரண்டு அடங்காமல் இருக்கும், அல்லது வேண்டுமென்றே அடக்காமல் விடப்பட்டிருக்கும். எது என்பதுதான் கேள்வி.

வியன்னாவில் ஒரு கணக்கு

1839இல் டாகேரின் புகைப்பட முறை பாரீஸில் பகிரங்கமானபோது, அதில் மனிதர்களைப் படம் எடுப்பது தண்டனையாக இருந்தது. லென்ஸ் தயாரிப்பாளர் ஷெவாலியே செய்து கொடுத்த லென்ஸின் துளை ஏறத்தாழ எஃப்/15 (எண் பெரிதானால் துளை சிறிது). வெயிலில் உட்கார்ந்து நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டும். வேகமான லென்ஸ் தேவைப்பட்டது. வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த யோசெஃப் பெட்ஸ்வால் அதைக் கையில் எடுத்தார். அதுவரை லென்ஸ் செய்கிறவர்கள் கண்ணாடியைத் தேய்த்துப் பார்த்து, மறுபடி தேய்த்துத் திருத்துவார்கள். பெட்ஸ்வால் முதலில் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஒளிக்கதிர் ஒவ்வொரு பரப்பிலும் எவ்வளவு திரும்புகிறது என்பதைக் கதிர் கதிராகக் கணக்கிட ஆள் வேண்டுமே? ஆஸ்திரியப் பீரங்கிப் படையில் குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போட்டுப் பழகிய வீரர்களை இளவரசர் லுட்விக் அவருக்கு அனுப்பிவைத்தார். 1840இல் லென்ஸ் வந்துவிட்டது. துளை எஃப்/3.6. முன்னதைவிட ஏறக்குறைய பதினேழு மடங்கு வெளிச்சம். முகம் எடுப்பது ஒரு தொழிலாக மாற முடிந்தது இதனால்தான்.

அந்த லென்ஸில் நடுப்பகுதி அபாரத் தெளிவு. ஓரத்துக்குப் போகப்போக எல்லாம் குலையும். காரணம், ஐந்தில் நான்காவது: கிண்ணம்போல் வளைந்த குவியப் பரப்பு. படம் பதியும் தகடு தட்டையாக இருக்கிறது, தெளிவு விழும் இடம் வளைந்திருக்கிறது. இரண்டும் நடுவில் மட்டும் ஒட்டுகின்றன. இந்த வளைவுக்கான விதியை வகுத்தவரும் பெட்ஸ்வால்தான். இன்றும் லென்ஸ் வடிவமைப்பாளர்கள் 'பெட்ஸ்வால் கூட்டுத்தொகை' என்ற எண்ணைப் பார்த்துத்தான் ஒரு லென்ஸின் பரப்பு எவ்வளவு வளையும் என்று மதிப்பிடுகிறார்கள். அந்த எண்ணைக் கண்டுபிடித்த மனிதரின் பெயரே, அந்த எண் பெரிதாக இருக்கும் லென்ஸுக்கும் நிலைத்துவிட்டது.

இந்தக் குலைவை முதன்முதலில் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டவர்களில் ஒருவர் ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவில் தொடங்கினார். அதில் இருந்தது பாரீஸைச் சேர்ந்த ஜாமென் செய்த பெட்ஸ்வால் வகை லென்ஸ். அதன் துளையைச் சுருக்காமல், முகத்துக்கு மிக அருகில் போய் எடுத்தார். மூக்கு தெளிந்தால் காது கரையும். பொதுவாக மற்றவர்கள் ஃபோகஸைத் திருகிக்கொண்டே போய் அதிகபட்சத் தெளிவில் நிறுத்துவார்கள். தன் கண்ணுக்கு அழகாகத் தோன்றிய இடத்திலேயே நிறுத்திக்கொண்டதாகக் கேமரன் பின்னாளில் எழுதினார். லண்டன் புகைப்படச் சங்கத்துக்காரர்கள் 'இந்த அம்மாவுக்கு ஃபோகஸ் பண்ணத் தெரியவில்லை' என்ற பாணியில் திட்டினார்கள். அவருடைய கணவருக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் இருவரும் அங்கே குடியேறினார்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் அவர் படம் எடுத்தார். அவற்றில் எஞ்சியிருப்பவை கொஞ்சம். 1879இல் இறந்த அவருடைய கல்லறை மலையகத்தில் பொகவந்தலாவையில் இருக்கிறது.

கேமரனிடம் கவனிக்க வேண்டியது அழகுணர்ச்சி மட்டுமல்ல. தேய்த்த கண்ணாடித் திரையில், லென்ஸ் தரும் அதே படத்தை, அதே துளையில், தகட்டின் அதே அளவில் பார்த்துக்கொண்டே ஃபோகஸ் செய்தார். எந்தப் பிழை எங்கே விழுகிறது என்பது அவருக்குத் தெரிந்தது. உள்ளே ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி வைத்து அதன் வழியாகப் பார்க்கும் எஸ்எல்ஆர் கேமராக்கள் பிறகு வந்த காலத்தில் இந்த வசதி கைநழுவிப் போனது. அது எப்படித் திரும்பி வந்தது என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்குமுன் ஹீலியோஸின் சுழல்.

சுழல் எங்கிருந்து வருகிறது

ஹீலியோஸ் 44 சொந்தச் சரக்கு அல்ல. 1930களில் ஜெர்மனியின் யேனா நகரில் கார்ல் ஸைஸ் நிறுவனம் உருவாக்கிய பயோட்டார் 58 மி.மீ. எஃப்/2 லென்ஸின் நகல். நான்கு தொகுதிகளில் ஆறு கண்ணாடிகள். போருக்குப் பின் சோவியத் நாடு அந்த வடிவமைப்பைத் தன்னுடைய கண்ணாடி வகைகளுக்கு ஏற்ப மாற்றிச் செய்தது.

சுழலுக்கான முதல் காரணத்தைப் பார்க்க லென்ஸ்கூட வேண்டாம். இரண்டு வளையல்களை ஒன்றின்பின் ஒன்றாக ஒரு விரல் நீள இடைவெளியில் பிடித்துக்கொள்ளுங்கள். நேராகப் பார்த்தால் வட்டத்துக்குள் வட்டம். மெல்லச் சாய்த்துப் பாருங்கள். இரண்டு வட்டங்களும் விலகி, இரண்டும் சேரும் இடம் மட்டும் மீன்போல ஒடுங்கும். லென்ஸின் முன்பக்க விளிம்பும் பின்பக்க விளிம்பும்தான் அந்த இரண்டு வளையல்கள். படத்தின் நடுவில் விழும் ஒளி நேராக வருகிறது, அதற்கு முழு வட்டம் கிடைக்கிறது. ஓரத்தில் விழும் ஒளி சாய்வாக வருவதால் இரண்டு விளிம்புகளும் ஆளுக்கு ஒரு துண்டை வெட்டிவிடுகின்றன. ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் ஒளிப்புள்ளி எப்போதும் அந்தத் திறப்பின் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே நடுவில் வட்டப் பொட்டு, ஓரத்தில் பூனைக்கண் பொட்டு. வெட்டு எப்போதும் மையத்தை நோக்கிய திசையில் நடப்பதால், பொட்டின் நீளவாட்டம் அதற்குக் குறுக்கே, அதாவது வட்டத்தின் சுற்றளவு போகும் திசையில் அமைகிறது. நூற்றுக்கணக்கான பொட்டுகள் இப்படி அணிவகுத்தால் கண் அதைச் சுழற்சியாகப் படிக்கிறது. இதோடு வளைந்த குவியப் பரப்பும் அஸ்டிக்மாட்டிசமும் கைகோக்கும்போது ஓரங்கள் இன்னும் இழுபடுகின்றன.

இவ்வளவும் விளங்கிவிட்டால் செய்முறை வரிசையாக வந்து விழும். துளையை எஃப்/4, எஃப்/5.6 என்று சுருக்கினால் நடுவில் இருக்கும் இதழ் வட்டமே சிறிதாகிவிடுகிறது, விளிம்புகளுக்கு வெட்ட வேலையில்லை, சுழல் மறைந்துவிடும். எஃப்/2 அல்லது அதற்கு ஒட்டி வைத்தால்தான் உண்டு. பின்னணி வெற்றுச் சுவராக இருந்தால் பொட்டு ஏது, சுழல் ஏது? இலைகளுக்கு நடுவே வானம் துண்டு துண்டாகத் தெரியும் மரம் வேண்டும். பொடி இலையுள்ள வேம்பு அல்லது புளி இதற்கென்றே படைத்ததுபோல் இருக்கும், வாழை உதவாது. ஆள் ஒன்றிரண்டு மீட்டரில், மரம் அதற்குப் பின்னால் நாலைந்து மீட்டரில் இருந்தால் போதும். மரத்தை மிகவும் தள்ளிவைத்தால் பொட்டுகள் பெரிதாகி ஒன்றோடொன்று கலந்து வெறும் பச்சைக் கலங்கலாகிவிடும்.

இன்னொன்று, விற்கிறவர்கள் சொல்லாதது. சுழல் ஓரத்தில்தான் இருக்கிறது. ஏபிஎஸ்-சி அளவு சென்சார் உள்ள கேமரா அந்த ஓரத்தை நறுக்கி எறிந்துவிடும். 35 மி.மீ. ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாரில் கிடைக்கும் சுழலில் பாதிகூட அதில் கிடைக்காது. நண்பர் எடுத்த படத்தைப் பார்த்து லென்ஸ் வாங்கி, 'எனக்கு மட்டும் சுற்றவே இல்லையே' என்று கேட்பவர்கள் முதலில் தங்கள் சென்சாரின் அளவைப் பார்க்கட்டும்.

பட்டுபோன்ற மினுக்கம்

இரண்டாவது வகை லென்ஸின் குணம் வேறு. படம் தெளிவாகவும் இருக்கும், அதன்மேல் ஒரு மெல்லிய ஒளிப்படலமும் படர்ந்திருக்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் இயங்கும் லென்ஸ்பேபி நிறுவனம் 2015இல் வெளியிட்ட வெல்வெட் 56 இதற்கு நல்ல உதாரணம். துளை எஃப்/1.6, ஃபோகஸ் முழுக்கக் கையால்தான். பூவை அதன் பாதி அளவுக்குப் படமெடுக்கும் நெருக்கம்வரை போகலாம். இதில் வடிவமைப்பாளர் கட்டவிழ்த்து விட்டிருப்பது கோளப் பிறழ்ச்சியை.

பள்ளி இயற்பியலில் எல்லோரும் படித்ததுதான்: லென்ஸின் நடுவழியாக நுழையும் கதிர்கள் ஓரிடத்தில் குவியும், விளிம்புவழியாக நுழைபவை சற்று முன்னாலேயே குவிந்துவிடும். நடுக்கதிர்கள் ஒரு கூரிய புள்ளியை வரைய, விளிம்புக் கதிர்கள் அதைச் சுற்றி ஒளிவட்டம் போடுகின்றன. கேமராவை அசைத்தாலோ ஃபோகஸ் தவறினாலோ வரும் மங்கலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இதில்தான் இருக்கிறது: மங்கலில் கூரிய புள்ளியே இருக்காது. இங்கே கூர்மையும் உண்டு, கசிவும் உண்டு.

இதில் பயன்படும் கணக்கு ஒன்று இருக்கிறது. இந்தக் கசிவின் அகலம் துளை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். துளையை எஃப்/1.6இலிருந்து எஃப்/3.2க்குக் கொண்டுபோனால் விட்டம் பாதி. கசிவோ எட்டில் ஒரு பங்கு. ஆகவே இந்த வகை லென்ஸில் துளை வளையம் வெளிச்சத்துக்கான திருகு என்பதைவிட, படலம் எவ்வளவு வேண்டும் என்பதற்கான திருகு. எஃப்/1.6இல் கனவுக் காட்சி, எஃப்/2.8இல் கல்யாண ஆல்பம், எஃப்/5.6 தாண்டினால் சாதாரண லென்ஸ். இடையில் கால் திருப்பம்கூட வித்தியாசம் காட்டும். என் ருசிக்கு எஃப்/2.8 சுற்றுவட்டாரம்தான் சரி. முழுத் துளையில் முகத்தை எடுத்தால் லென்ஸ்தான் தெரிகிறது, முகம் தெரிவதில்லை.

இதே பிழையில் ஒரு வலையும் இருக்கிறது. துளையைச் சுருக்கும்போது விளிம்புக் கதிர்கள் வெட்டுப்பட்டுவிடுவதால், மிகத் தெளிவாக விழும் இடமே நகர்ந்துவிடும். முழுத் துளையில் கண்ணில் ஃபோகஸ் செய்து, பிறகு எஃப்/4க்குச் சுருக்கி எடுத்தால் தெளிவு கண்ணுக்குப் பின்னால், காதுப் பக்கம் போய் நிற்கும். எந்தத் துளையில் எடுக்கப் போகிறீர்களோ அதே துளையில் ஃபோகஸ் செய்ய வேண்டும். இதற்கு விதிவிலக்கு இல்லை.

உங்கள் லென்ஸ் எந்த வகை என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். செல்போன் டார்ச்சின்மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, குண்டூசியால் ஒரே ஒரு துளை போடுங்கள். இருட்டறையில் மூன்று மீட்டர் தள்ளி வைத்து, முழுத் துளையில் அந்தப் புள்ளியை ஃபோகஸ் செய்யுங்கள். இப்போது வளையத்தைக் கிட்டப் பக்கமாகத் திருப்புங்கள். புள்ளி பின்னணிப் பொருளாகிவிடும், பொட்டாக விரியும். பொட்டின் நடு பிரகாசமாகவும் ஓரம் தேய்ந்தும் இருந்தால், உங்கள் லென்ஸில் கோளப் பிறழ்ச்சி முழுதும் திருத்தப்படவில்லை. பின்னணி வழவழப்பாகக் கரையும். ஓரத்தில் பளிச்சென்று கோடு போட்ட வளையம் தெரிந்தால் அளவுக்கு மீறித் திருத்தப்பட்டிருக்கிறது. பிறகு எதிர்ப்பக்கம் திருப்பிப் பாருங்கள். முதல் பக்கத்தில் கண்டதற்கு நேர்மாறாக இருக்கும். ஜெர்மனியின் கோர்லிட்ஸ் நகரத்து மேயர் நிறுவனத்தின் ட்ரையோப்ளான் 100 மி.மீ. எஃப்/2.8 லென்ஸ் இரண்டாவது ரகம். வெறும் மூன்று கண்ணாடி. புல்மேல் பனித்துளி பின்னணியில் இருந்தால் அத்தனையும் சோப்புக்குமிழிகளாகிவிடும். ஒரு காலத்தில் ஸ்லைடு புரொஜெக்டருக்குத்தான் லாயக்கு என்று ஒதுக்கிய வகை வடிவமைப்பு அது.

கண்ணாடி போன பிறகு

இந்த லென்ஸ்கள் எல்லாம் எஸ்எல்ஆர் கேமராக்களிலும் பொருந்தினவே, இப்போது மட்டும் ஏன் இந்த மவுசு? இரண்டு காரணங்கள். ஒன்று மில்லிமீட்டர்க் கணக்கு.

லென்ஸ் பொருந்தும் வளையத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது ஒவ்வொரு கேமராவுக்கும் நிர்ணயிக்கப்பட்டது. ஹீலியோஸின் எம்42 திருகு மவுண்டுக்கு அது 45.46 மி.மீ. நிக்கானின் பழைய எஃப் மவுண்டுக்கு 46.5 மி.மீ. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்தான், ஆனால் தப்பான திசையில். லென்ஸ் சென்சாரிலிருந்து ஒரு மி.மீ. தள்ளி உட்கார்ந்துவிடும். 58 மி.மீ. லென்ஸுக்கு அதன் விலை என்ன தெரியுமா? சுமார் 3.3 மீட்டருக்கு அப்பால் எதுவுமே ஃபோகஸ் ஆகாது. மிரர்லெஸில் நடுவில் எகிறிக் குதிக்கும் முகம்பார்க்கும் கண்ணாடி இல்லை. அதனால் சோனி இ மவுண்டுக்கு 18 மி.மீ., நிக்கான் இசட்டுக்கு 16, கேனன் ஆர்எஃப்புக்கு 20. மீதி இடத்தை ஒரு வெற்றுக் குழாய் நிரப்பிவிடும். சோனியில் ஹீலியோஸ் மாட்ட 27.46 மி.மீ. நீளமுள்ள அலுமினியக் குழாய்தான் அடாப்டர். உள்ளே கண்ணாடி எதுவும் தேவையில்லை. உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டரை யாராவது விற்க வந்தால், மிரர்லெஸுக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது காரணம் பார்வை. எஸ்எல்ஆரில் துளையைச் சுருக்கினால் வியூஃபைண்டர் இருண்டுவிடும். ஹீலியோஸ் 44-2இல் இதற்காகவே இரண்டு வளையங்கள்: ஒன்றில் எஃப்/4 என்று முன்கூட்டி வைத்துக்கொண்டு, மற்றொன்றை முழுதும் திறந்து ஃபோகஸ் செய்து, பிறகு பார்க்காமலே தட்டும்வரை திருப்பி, ஷட்டரை அழுத்த வேண்டும். தெளிவு நகர்ந்ததா, சுழல் மிஞ்சியதா என்பதெல்லாம் ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். டிஜிட்டல் எஸ்எல்ஆர்களின் திரை இன்னும் மோசம். பளிச்சென்று இருப்பதற்காகச் செய்த அந்தத் திரைகள் எஃப்/2 லென்ஸின் உண்மையான மங்கலைக் காட்டவே மாட்டா, எஃப்/2.8 அளவுக்குத்தான் காட்டும். மிரர்லெஸின் மின்னணு வியூஃபைண்டரோ சென்சாரில் விழுவதையே எடுத்துக் காட்டுகிறது. துளையைச் சுருக்கினாலும் வெளிச்சத்தை ஏற்றிக்கொள்கிறது. கேமரனின் தேய்த்த கண்ணாடித் திரை, தலைகீழாகத் தெரியாத ஒரு வடிவத்தில் திரும்பி வந்துவிட்டது என்றே சொல்லலாம். குறையோடு விளையாட வேண்டுமென்றால் குறை கண்ணில் பட வேண்டும் அல்லவா? இந்த லென்ஸ்களின் மறுவாழ்வுக்கு ஏக்கம், பழமைமோகம் என்று பலவற்றைச் சொல்கிறார்கள். என் கணிப்பில் பெரும்பங்கு இந்தத் திரைக்குத்தான். 2013இல் லோமோகிராஃபி நிறுவனம் பெட்ஸ்வால் லென்ஸைப் புதிதாகச் செய்ய கிக்ஸ்டார்ட்டரில் பணம் திரட்டியது. அதைச் செய்து கொடுத்ததும் ஹீலியோஸ் பிறந்த அதே கிராஸ்னோகோர்ஸ்க் ஆலைதான்.

திரை இருந்தாலும் ஃபோகஸ் சும்மா வந்துவிடாது. 58 மி.மீ. லென்ஸில் எஃப்/2 வைத்து ஒரு மீட்டரில் நிற்கும் முகத்தை எடுத்தால் தெளிவின் ஆழம் சுமார் மூன்றரை சென்டிமீட்டர். அரை மீட்டரில், அதாவது ஹீலியோஸ் போகக்கூடிய மிகக் கிட்டத் தூரத்தில், எட்டு மில்லிமீட்டர். நீங்கள் மூச்சு விடுவதற்கே உடம்பு அதைவிட அதிகம் ஆடும். ஆகவே கிட்ட நின்று எடுக்கும்போது வளையத்தை விட்டுவிட்டு உடம்பைத்தான் திருகாகப் பயன்படுத்த வேண்டும். வளையத்தில் தூரத்தை வைத்துவிட்டு, மெல்ல முன்னால் சாய்ந்து, கண் தெளியும் நொடியில் அழுத்துங்கள். இரண்டு மூன்று படம் தொடர்ச்சியாக ஓடட்டும்.

ஃபோகஸ் பீக்கிங் என்ற வசதியை எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். தெளிவான விளிம்புகளில் சிவப்போ மஞ்சளோ பூசிக் காட்டும் ஏற்பாடு அது. கேமரா அங்கே தேடுவது தெளிவை அல்ல. அருகருகே உள்ள புள்ளிகளுக்கு இடையே வெளிச்சம் சட்டென்று மாறும் இடத்தை. ஹீலியோஸில் இது ஓரளவு உதவும். வெல்வெட் போன்ற லென்ஸில் ஒளிப்படலம் அந்த மாற்றத்தை மழுக்கிவிடுவதால் நிறம் வரவே வராது. இல்லையென்றால் கண்ணை விட்டுவிட்டு மூக்குத்தியிலும் காதணியிலும் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கெல்லாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் வழி. பெரும்பாலான கேமராக்களில் அதற்கு ஒரு பொத்தானை ஒதுக்கிக்கொள்ளலாம். பெரிதாக்கி, கருவிழியில் விழும் வெளிச்சப் பொட்டு எப்போது மிகச் சிறிதாகிறதோ அங்கே நிறுத்துங்கள்.

கேமராவின் மெனுவில் சில வேலைகள் உண்டு. இந்த லென்ஸ்களில் மின்தொடர்பு இல்லாததால், லென்ஸே மாட்டவில்லை என்று கேமரா நினைத்துக்கொள்ளும். 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டரை இயக்கு' என்பதை முதலில் திறந்துவிட வேண்டும். நடுக்கத்தைச் சமன்செய்யும் சென்சார் இருந்தால் 58 அல்லது 56 என்று குவியத் தூரத்தைக் கையால் கொடுங்கள். ஏ அல்லது ஏவி நிலையில் வைத்தால் ஷட்டர் வேகத்தைக் கேமராவே சரியாகப் போட்டுக்கொள்ளும். பலரும் கவனிக்காத ஒன்று மின்னணு முன்திரை ஷட்டர். 1/2000 நொடிக்கு மேல் போகும்போது அது ஒளிப்பொட்டுகளின் ஒரு பக்கத்தை வெட்டிவிடும். பொட்டுக்காகவே வாங்கிய லென்ஸில் பொட்டு அரைகுறையாக வந்தால் என்ன பயன்? அதை அணைத்துவிடுங்கள். நட்டநடு வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப்/2 என்றால் 1/6400 நொடி தேவைப்படும். பல கேமராக்கள் 1/4000இலேயே நின்றுவிடும். ஒன்று நிழலுக்கு வாருங்கள், இல்லையென்றால் 49 மி.மீ. திருகில் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்டி ஃபில்டரை மாட்டுங்கள். நிழலே மேல், தலைக்கு மேல் நிற்கும் வெயிலில் எந்த லென்ஸும் முகத்தை அழகாக்கியதில்லை.

இதையெல்லாம் செல்போனே செய்துவிடுகிறதே என்று கேட்கலாம். போன் செய்வது வேறு. ஆளைக் கத்தரித்து எடுத்து, தூரத்தை மதிப்பிட்டு, பின்னணியை மென்பொருளால் மழுக்குகிறது. சுழலைக்கூட வரைந்து தருகிற செயலிகள் வந்துவிட்டன. ஆனால் லென்ஸில் எதுவும் தனித்தனியாகக் கத்தரிக்கப்படுவதில்லை. கலைந்த ஒரு முடி தெளிவிலிருந்து மங்கலுக்கு நழுவிப் போகும் அந்த நாலைந்து மில்லிமீட்டரில் போனின் கத்தரிக்கோல் இன்றுவரை தடுமாறுகிறது. நாளை சரியாகிவிடலாம். அதுவரை கண்ணாடி முன்னே நிற்கிறது.

வாங்க நினைக்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. பழைய லென்ஸ் என்றால் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். லென்ஸின் முன்மூடியையும் பின்மூடியையும் கழற்றி, துளையை முழுதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் விட்டு முன்பக்கத்திலிருந்து சாய்வாக நோக்குங்கள். சிலந்தி வலைபோல் கிளைவிட்ட வெண்மை தெரிந்தால் அது பூஞ்சை. நம் கடலோர ஊர்களின் ஈரத்தில் அது வளரும், பக்கத்து லென்ஸுக்கும் பரவலாம். துளை இதழ்களில் எண்ணெய் மினுமினுப்பதால் ஹீலியோஸுக்குக் கெடுதல் இல்லை. அதன் இதழ்களை நகர்த்துவது உங்கள் கைதான். சின்னச் சின்னத் தூசியும் படத்தில் தெரியாது. பூஞ்சை இருந்தால் மட்டும், எவ்வளவு மலிவாகத் தந்தாலும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.